தற்காலிகத் தூணுக்குக் கீழே இருந்த மண்: கான் தோ பாலம், 2007

2007 செப்டம்பர் 25 வியட்நாமில் நடு இலையுதிர்காலப் பௌர்ணமி. குழந்தைகள் காகித விளக்கு ஏந்தித் தெருவில் வரும் நாள். மறுநாள் புதன்கிழமை காலை எட்டு மணி வாக்கில், வின் லாங் மாகாணத்தின் மீ ஹோவா ஊரில், ஹாவ் ஆற்றங்கரையில் கட்டிக்கொண்டிருந்த கான் தோ பாலத்தின் அணுகுபகுதி இடிந்தது. சுமார் 90 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம். மேலேயும் அடியிலுமாக ஏறத்தாழ 250 பேர் வேலையில் இருந்தார்கள். 55 பேர் இறந்தார்கள். 80 பேர் காயப்பட்டார்கள். அந்த நாட்டுக் கட்டுமான வரலாற்றில் இவ்வளவு பெரிய விபத்து அதற்கு முன் நடந்ததில்லை.

பாலம் இடிந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். முதலில் விழுந்தது பாலத்தைத் தாங்கி நின்ற சாரம். சாரம் விழுந்ததால் பாலம் விழுந்தது. தன் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கும் முன், இரவல் காலில் நின்றுகொண்டிருந்த ஒரு பகுதி அது. கேபிள் பாலம் என்றதும் நம் கண் வானைத் தொடும் கோபுரத்துக்கும் விசிறி போல இறங்கும் வடங்களுக்கும் போகிறது. இந்த வழக்கில் கோபுரமும் வடமும் குற்றமற்றவை. பார்க்க வேண்டிய இடம் தரை. அதிலும், சில மாதம் மட்டும் நின்றுவிட்டுக் கழற்றிப் போகப்போகிற ஒரு இரும்புத் தூணின் அடியில் இருந்த தரை.

கட்டுமான வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் இந்த வழக்கை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நம் சைட்டுகளில் நிரந்தரத் தூணுக்குக் காட்டும் அக்கறையில் கால்பங்குகூட சாரத்துக்குக் கிடைப்பதில்லை என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆறும் படகுத்துறையும்

திபெத் மேட்டுநிலத்தில் பிறந்து ஆறு நாடுகளைத் தொட்டு 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் மெகாங், கம்போடியத் தலைநகர் ப்னோம் பென் அருகே இரண்டாகப் பிரிகிறது. வியட்நாமுக்குள் நுழைந்ததும் வடக்குக் கிளைக்கு தியென் என்றும் தெற்குக் கிளைக்கு ஹாவ் என்றும் பெயர். இரண்டும் பல வாய்களாகக் கடலில் விழுவதால் அந்த ஊர் மக்கள் ஆற்றை ஒன்பது டிராகன்கள் என்று அழைக்கிறார்கள். நாட்டின் அரிசியில் ஏறத்தாழப் பாதி விளைவது இந்தக் கழிமுகச் சமவெளியில்தான்.

அங்கே நெல்லுக்குக் குறைவில்லை, பாலங்கள் வரும்வரை சாலைக்குத்தான் தடை. வடக்கே சீன எல்லையில் இருந்து தெற்கே கா மாவ் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 1, இந்த இரண்டு ஆறுகளின் கரையிலும் வந்து நின்றுவிடும். அங்கிருந்து படகு. லாரி, பேருந்து, மோட்டார் சைக்கிள், கூடையில் பழம் விற்கும் பெண்கள் எல்லாரும் ஒரே படகில் ஏறுவார்கள். டெட் புத்தாண்டு வந்தால் வண்டி வரிசை மணிக்கணக்கில் நகராது. ஹோ சி மின் நகரத்தில் இருந்து கான் தோ 170 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்கு அரை நாள் போய்விடும்.

தியென் ஆற்றின் குறுக்கே ஆஸ்திரேலிய உதவியில் கட்டிய மீ துவான் பாலம் 2000 மே மாதம் திறந்தது. தாவு என்றால் இரண்டு தாங்கிகளுக்கு இடையே பாலம் தாண்டும் பகுதி; 350 மீட்டர் நடுத்தாவு கொண்ட அது வியட்நாமின் முதல் பெரிய கேபிள் பாலம். அதன்பிறகு படகுக்காகக் காத்திருக்கும் பெரிய இடம் நெடுஞ்சாலையில் ஒன்றுதான் மிச்சம்: ஹாவ் ஆற்றின் கான் தோ துறை. ஜப்பானிய அரசின் கடனுதவியோடு அங்கே பாலம் கட்ட முடிவாகி 2004 செப்டம்பரில் வேலை தொடங்கியது. தைசெய், காஜிமா, நிப்பான் ஸ்டீல் ஆகிய மூன்று ஜப்பானிய நிறுவனங்கள் கூட்டாகப் பிரதான பாலத்தின் ஒப்பந்தத்தை எடுத்தன. நிப்பான் கோயேயும் சோடாயும் மேற்பார்வை ஆலோசகர்கள். உரிமையாளர் தரப்பில் வியட்நாமின் போக்குவரத்து அமைச்சகம்.

உயரம் எங்கிருந்து வந்தது

கோபுரங்களுக்கு நடுவே உள்ள தாவு 550 மீட்டர். திறந்தபோது தென்கிழக்கு ஆசியாவிலேயே நீளமான கேபிள் பாலத் தாவு இதுதான். ஆற்றுக்கு நடுவில் தூண் வைக்காமல் அவ்வளவு தூரம் தாண்டக் காரணம் கப்பல். ஹாவ் வழியாகக் கடற்கப்பல்கள் கான் தோ துறைமுகத்துக்கு வருகின்றன. அவை அடியில் போக, நீர்மட்டத்துக்கு மேல் 39 மீட்டர் இடைவெளி விட வேண்டியிருந்தது.

இந்த 39 மீட்டரைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நடுவில் பாலம் அவ்வளவு உயரத்தில் இருந்தால், கரையில் அது சட்டென்று தரைக்கு இறங்கிவிட முடியாது. லாரி ஏறும் சரிவு மெதுவாகத்தான் இருக்க முடியும். ஆகவே கரையைத் தாண்டி, வயலுக்கும் தோப்புக்கும் மேலேகூடச் சாலை 30 மீட்டர் உயரத்தில் போகிறது. ஆற்றில் கப்பலுக்காக வைத்த உயரம், கரையில் வேலை செய்தவர்களின் தலைக்கு மேல் பத்து மாடிக் கட்டடத்தின் உயரத்தில் கான்கிரீட்டாக நின்றது.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. இந்தப் பாலத்தின் உத்தரம் முழுக்க ஒரே பொருள் அல்ல. நடுத்தாவின் மையத்தில் 210 மீட்டர் மட்டும் உள்ளே கூடான எஃகுப் பெட்டி. மற்றதெல்லாம் கான்கிரீட் பெட்டி. தராசைப் போல யோசித்தால் காரணம் விளங்கும். கோபுரத்தின் ஒரு பக்கம் ஆற்றின் மேல் நீளமாகத் தொங்குகிறது. மறுபக்கம் கரை நோக்கிய குட்டையான தாவுகள். நீளப் பக்கத்தை இலேசாகவும் குட்டைப் பக்கத்தைக் கனமாகவும் செய்தால் தட்டு நிமிரும். நல்ல வடிவமைப்பு, சிக்கனமானதும்கூட. அதன் விலை, கரைப் பக்கத்துத் தாவுகள் கனமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும் என்பது. உயரமான இடத்தில் கனமான கான்கிரீட்டை அச்சில் ஊற்ற வேண்டும். அந்த அச்சை ஏதாவது தாங்க வேண்டும்.

வின் லாங் கரையில் 13, 14, 15 என்று எண்ணிட்ட தூண்களுக்கு இடையே 40 மீட்டர் தாவுகள் இரண்டு. இவற்றைத் தரையில் இருந்து எழுப்பிய எஃகுத் தற்காலிகத் தூண்களின் மேல் அச்சுப் பூட்டி, இருந்த இடத்திலேயே கான்கிரீட் போட்டு வார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தவை இவைதான்.

இரவல் கால்

நம் ஊரில் வீட்டுக்குத் தளம் போடும்போது அடியில் முட்டுக் கொடுப்பார்கள். சென்ட்ரிங் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். அதே வேலைதான் அங்கும், அளவு மட்டும் வேறு. பலகைக்குப் பதில் எஃகு விட்டங்கள், சவுக்குக் கட்டைக்குப் பதில் நாலு காலும் குறுக்குச் சட்டமும் போல்ட்டும் கொண்ட எஃகுக் கோபுரம், செங்கல் துண்டுக்குப் பதில் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண், அடித்துக் கட்டிய தற்காலிக அடித்தளம்.

ஈரக் கான்கிரீட்டுக்கு எடை உண்டு, வலு கிடையாது. ஒரு கன மீட்டர் இரண்டரை டன். கான்கிரீட் கொண்டுவரும் ஒரு ட்ரான்ஸிட் மிக்ஸர் லாரி ஆறு கன மீட்டர் கொட்டிவிட்டுப் போனால் சாரத்தின் தலையில் 15 டன் ஏறியிருக்கும். அடுத்த வண்டி இன்னொரு 15. நாள் முழுக்க இப்படியே. கான்கிரீட் இறுகினாலும் வேலை முடிந்துவிடாது. பெட்டி உத்தரத்துக்குள் ஓடும் எஃகு வடங்களை இழுத்து இறுக்கினால்தான் அது தன் எடையைத் தானே தூக்கி இரு தூண்களுக்கும் கொடுக்கும். அந்த இறுக்கம் நடக்கும்வரை முழு எடையும் சாரத்தின் மேல்தான்.

சாரத்துக்கும் பாலத்துக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இது. ஒரு நெடுஞ்சாலைப் பாலம், வடிவமைப்பில் எழுதிய வண்டிப் பாரம் முழுவதையும் தன் ஆயுளில் ஒருநாள்கூடச் சுமக்காமல் போகலாம். எல்லாத் தடத்திலும் ஒரே நேரத்தில் நிறைபாரம் ஏற்றிய லாரிகள் முட்டி நிற்பது அபூர்வம். சாரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தாளில் கணக்குப் போட்ட எடை கிட்டத்தட்ட அப்படியே, ஒவ்வொரு முறையும், வந்து உட்காரும். அதைத் தாங்குவதற்கு அதனிடம் இருப்பது ஏற்கெனவே வேறு சைட்டுகளில் அடிபட்ட எஃகு, அவசரத்தில் முடுக்கிய போல்ட், சோதனை குறைந்த அடித்தளம் என்றால் என்ன மிச்சம்?

அடித்தளத்துக்கு வருவோம். மெகாங் கழிமுகத்தில் பாறை எளிதில் கைக்கு எட்டாது. ஆயிரமாயிரம் வருடம் ஆறு கொண்டுவந்து படியவைத்த களியும் வண்டலும் மணலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. காவிரிக் கடைமடையில் கிணறு தோண்டியவர்களுக்கு இந்த மண்ணைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாறை கிடைக்காத இடத்தில் பைல் நிற்பது முனையை நம்பி இல்லை. பக்கங்களில் மண் கவ்விப் பிடிப்பதை நம்பி. அந்தப் பிடிமானம் ஒரு பைலுக்கும் அடுத்த பைலுக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் நிரந்தரப் பாலத்தின் பைல்கள் ஆழமாகப் போகின்றன, பாரம் ஏற்றிச் சோதிக்கப்படுகின்றன. அதே மண்ணில், சில மீட்டர் தள்ளி, தற்காலிகத் தூணின் பைலும் நிற்கிறது. அது தற்காலிகம் என்று மண்ணுக்குத் தெரியாது.

எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறங்கினால் பெரிய ஆபத்தில்லை. தளம் கொஞ்சம் தாழும், சரிசெய்துகொள்ளலாம். ஆபத்து, ஒரு பக்கம் மட்டும் இறங்குவதில். மூன்று கல் அடுப்பு எந்த மேடுபள்ளமான தரையிலும் ஆடாது. நாலு கால் பெஞ்சு ஒரு கால் கொஞ்சம் பள்ளத்தில் பட்டாலும் ஆடும். மூன்று கல்லும் எப்போதும் பானையைப் பங்கிட்டுச் சுமக்கும். நாலு காலில் ஒன்று இறங்கினால் அது தன் பங்கை மற்றவற்றின் தலையில் போட்டுவிட்டு விலகிக்கொள்ளும். எஃகுக் கோபுரத்திலும் அதுதான் நடக்கும். ஒரு காலின் அடி சற்று உட்கார்ந்தால் பக்கத்துக் காலின் பாரம் கூடும், குறுக்குச் சட்டங்களில் யாரும் எதிர்பார்க்காத இழுவிசை வரும், போல்ட்டுகள் வெட்டுப்படத் தொடங்கும்.

உயரம் இதைப் பெரிதாக்கும். விளக்கத்துக்காக ஒரு கணக்கு. இவை அந்த சைட்டின் எண்கள் இல்லை. அடித்தளம் 5 மீட்டர் அகலம், அதன் ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட 10 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் மேலே தலைப்பகுதி 60 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கும். மேலே 1,000 டன் இருந்தால், அது 60 டன்-மீட்டர் கவிழ்ப்பு விசையாக மாறும். கோபுரம் இன்னும் வளையும், சாய்வு இன்னும் கூடும், கவிழ்ப்பு இன்னும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் இந்தச் சுழல் நிற்காது, கீழே மனிதர்கள் ஓடுவதற்கும் நேரம் தராது. முட்டுச் சரியும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரியும், சத்தம் கேட்டு ஓடிவிடலாம் என்று பல மேஸ்திரிகள் நம்புகிறார்கள். மெலிந்த, உயரமான எஃகுத் தூண்களில் அந்த நம்பிக்கை உயிரைக் கேட்கும்.

மீ ஹோவா

அன்று இறந்தவர்களில் கணிசமானோர் வெளியூரில் இருந்து வந்த கூலியாட்கள் இல்லை. பாலம் இறங்கும் மீ ஹோவாவையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்தவர்கள். ‘நாம் ரோய்’ என்ற பம்பளிமாஸ் பழத்துக்குப் பேர்போன ஊர் அது. சிறு தோப்பும் வயலும் வைத்திருந்த குடும்பங்கள். வாசலிலேயே பெரிய வேலை, நாள்தவறாத சம்பளம். அண்ணன் சேர்ந்தால் தம்பியும் மச்சானும் சேர்ந்தார்கள். கட்டுமான வேலை எங்கும் இப்படித்தான் ஆள் சேர்க்கிறது. நம் பக்கத்திலும் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே சைட்டில் இருப்பார்கள். விபத்து வரும்போது அதனால்தான் ஒரே தெருவில் பல வீட்டில் ஒரே நாளில் துக்கம் விழுகிறது.

இடிபாட்டில் கான்கிரீட் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, இடையிடையே முறுகிய எஃகுச் சட்டங்கள். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று சரியும். உடல்களை எடுத்து முடிக்க நாட்கள் ஆயின.

250 பேர் ஏன் அந்த நேரத்தில் அங்கே இருந்தார்கள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. மேலே இருந்தவர்கள் இருந்தே ஆக வேண்டியவர்கள், சரி. இன்னும் இறுக்கப்படாத கான்கிரீட் தலைக்கு மேல் இருக்கும்போது அடியில் அத்தனை பேருக்கு என்ன வேலை? கான்கிரீட் ஏறும் நேரத்திலும், வடங்களை இழுத்து முடிக்கும் வரையிலும் அடியில் ஆள் நடமாட்டத்தைத் தடுப்பது செலவில்லாத பாதுகாப்பு. ஒரு கயிறும் ஒரு காவலாளும் போதும். அதற்குத் தடையாக இருப்பது எப்போதும் கால அட்டவணைதான்: கீழே அடுத்த தாவின் வேலை காத்திருக்கும்.

செப்டம்பர் கடைசி அந்தப் பகுதியில் மழைக்காலம், மெகாங்கில் வெள்ளமும் ஏறும் காலம். களிமண்ணில் ஊன்றிய தற்காலிக அடித்தளத்தை அந்தப் பருவத்தில் தினமும் அளந்து பார்ப்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. லெவல் கருவி, நிலையான ஒரு குறிப்புப் புள்ளி, ஒரு நோட்டு, படிக்கத் தெரிந்த ஒருவர். எண் மாறினால் கான்கிரீட்டை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். இந்தக் கடைசி ஒன்றுதான் எந்த சைட்டிலும் சுலபத்தில் கிடைப்பதில்லை.

விசாரணையும் ஒரு சொற்றொடரும்

வியட்நாம் அரசு, கட்டுமான அமைச்சர் நுயென் ஹோங் குவான் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 2008 ஜூலையில் முடிவு வெளியானது. மேல்நீரோட்டப் பக்கத்தில் இருந்த டி13யூ என்ற தற்காலிகத் தூணின் அடித்தளம், பாலத்தின் நீளவாட்டில் ஒரு பக்கமாக இறங்கியதே விபத்தின் தொடக்கம் என்று குழு சொன்னது. வழக்கமான வடிவமைப்பு முறையில் இதை முன்கூட்டி அறிவது கடினம் என்றும் சொன்னது. ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் தன் பங்குக்கு, இப்படி ஒன்று மீண்டும் நடக்காமல் இருக்க வழி தேடும் குழுவைக் கூட்டியது.

குழுவின் முதல் முடிவை ஏற்கிறேன். இரண்டாவதில் எனக்கு உடன்பாடு இல்லை. குழுவில் இருந்தவர்கள் என்னைவிட அறிந்தவர்கள். அந்த மண்ணின் ஆய்வுத் தாள்களைக் கையில் வைத்துப் பேசியவர்கள். அந்தக் குறிப்பிட்ட நாளில், அந்தக் குறிப்பிட்ட பைலின் கீழ் மண் எவ்வளவு இறங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழிமுகக் களியில் ஒரு பக்க இறக்கம் வரக்கூடும் என்பதை முன்கூட்டி அறியக் கடினமா? எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாதபோது செய்ய வேண்டியது, அந்த அளவு வந்தாலும் கோபுரம் தாங்குமா என்று பார்ப்பதுதான். தாங்காது என்றால் பைலைக் கூட்ட வேண்டும், அல்லது கால்களுக்கு அடியில் ஜாக்கி வைத்து இறங்க இறங்கத் தூக்கிக்கொண்டே வர வேண்டும், அல்லது தரையில் சாரம் ஊன்றாமல் தூணுக்குத் தூண் தாண்டும் எஃகு விட்டத்தில் அச்சைத் தொங்கவிட வேண்டும். மூன்றும் உலகம் முழுக்கச் செய்துவரும் வேலைகள். எல்லாவற்றுக்கும் பணமும் நாளும் ஆகும்.

இந்தப் பாடத்துக்கு 2007இல் வயது ஏற்கெனவே முப்பதைத் தாண்டியிருந்தது. 1972 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெடிங் அருகே லாடன் ஆற்றின் மேல் பாலம் ஒன்றுக்குக் கான்கிரீட் போடும்போது சாரம் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அதையும் அதுபோன்ற வேறு விபத்துகளையும் ஒட்டி ஸ்டீஃபன் பிராக் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1975இல் இறுதி அறிக்கை தந்தது. அங்கிருந்துதான் தற்காலிகக் கட்டமைப்புக்கென்றே ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது: சாரத்தின் வரைபடம் சரிபார்க்கப்பட்டதா, கட்டியது வரைபடத்தின்படி இருக்கிறதா என்று பார்த்து, அவர் கையெழுத்துப் போட்டால்தான் பாரம் ஏற்றலாம். அந்த நாட்டில் 1982இல் சாரத்துக்கென்றே தனித் தர விதிமுறையும் வந்தது.

1970இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் யாரா ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த வெஸ்ட் கேட் பாலத்தின் ஒரு தாவு விழுந்து 35 பேர் இறந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் கேபிள் பாலம்தான். அங்கும் விழுந்தது கேபிள் இல்லாத பக்கத் தாவு, அதுவும் கட்டும் நேரத்தில். காரணம் வேறு: பொருந்தாமல் நின்ற எஃகுப் பெட்டிகளைச் சமன் செய்ய ஏற்றிய எடையால் தகடு நெளிந்தது; அந்த நெளிவை எடுக்கப் போல்ட்டுகளைக் கழற்றியபோது தாவு விழுந்தது. இரண்டிலும் ஆபத்து வந்தது பாலம் முழுமை அடையாத இடைக்காலத்தில். முடிந்த பாலத்துக்குப் பல பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். முடியாத பாலத்துக்கு யார் போடுகிறார்கள் என்று கேட்டால் பல சைட்டில் ஒரு பெயர் வராது.

அது தனிமனிதரின் அலட்சியம் மட்டும் இல்லை, ஒப்பந்த முறையே அப்படி அமைந்திருக்கிறது. நிரந்தரப் பாலத்தின் வரைபடம் உரிமையாளரின் சொத்து. ஆலோசகர் வரைந்து, வேறொருவர் சரிபார்த்து, மேலே அனுமதி வாங்குவார். சாரம் ஒப்பந்தக்காரரின் சொந்த ஏற்பாடு. அதன் செலவு அவருடைய பையில் இருந்து போகிறது. மிச்சம் பிடித்தால் அவருக்கே மிஞ்சுகிறது. அவரும் அந்தப் பகுதியைத் துணை ஒப்பந்தக்காரரிடம் விடுவார். ஆலோசகர் சாரத்தின் வரைபடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதலாம், ஆனால் பொறுப்பு ஒப்பந்தக்காரருடையது என்று ஒப்பந்தமே சொல்லும். ஐந்து கை மாறும் ஒரு வேலையில், ஐந்தாவது கைக்கு அடியில் இருக்கும் மண்ணை முதல் கை பார்ப்பதே இல்லை.

காவிரி டெல்டாவில் ஒரு சின்ன வாய்க்கால் பாலத்தில் நானே இதைப் பார்த்தேன். தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வரிசை முட்டு உள்ளே போய்விட்டது. அடியில் வைத்திருந்த பலகை வயல் சேற்றில் அமுங்கியிருந்தது. உயரம் மூன்று மீட்டர்தான், யாருக்கும் அடி இல்லை. தளம் தொப்பை விழுந்தது. இடித்துவிட்டு மறுபடி போட்டோம். தளத்தின் கம்பியை அன்று காலை மூன்று பேர் வந்து சரிபார்த்திருந்தார்கள், நான் உட்பட. முட்டின் அடியைக் குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பிறகு

வேலை நின்று, மறுபடி தொடங்கியது. 2009 அக்டோபரில் ஆற்றின் நடுவே கடைசி எஃகுப் பெட்டி பூட்டப்பட்டு இரு கரையும் இணைந்தன. 2010 ஏப்ரல் 24 அன்று பாலம் திறந்தது. அணுகுசாலைகளோடு சேர்த்துத் திட்டத்தின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர், பாலம் மட்டும் 2.75 கிலோமீட்டர். ஹோ சி மின் நகரத்தில் இருந்து வரும் லாரி இப்போது இரண்டு ஆறுகளையும் நிற்காமல் தாண்டிவிடுகிறது. படகுத்துறை ஓய்ந்தது, துறையை நம்பிப் பழமும் தின்பண்டமும் விற்றவர்கள் வேறு பிழைப்புத் தேடினார்கள். கடலுக்கும் நகரத்துக்கும் போகும் மீன், பழம், அரிசி வண்டிகளுக்கு இந்தப் பாலம் தந்த விடுதலை சிறியதில்லை.

அதே ஹாவ் ஆற்றில், மேல்நீரோட்டத்தில் 450 மீட்டர் நடுத்தாவோடு வாம் காங் கேபிள் பாலம் எழுந்தது. 2017 நவம்பரில், திறப்பு நெருங்கிய நேரத்தில், ஒரு தூணின் மேலிருந்த எஃகுக் குறுக்கு உத்தரத்தில் பெரிய விரிசல் கண்டார்கள். திறப்பைத் தள்ளிவைத்து, காரணத்தை ஆராய்ந்து, பழுது பார்த்து, பாரம் ஏற்றிச் சோதித்து, 2019 மே மாதம்தான் திறந்தார்கள். ஒன்றரை வருடத் தாமதத்துக்கு மக்கள் முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தாமதம் நல்ல தாமதம். பூசி மறைத்துவிட்டுத் தேதிக்கு நாடா வெட்டியிருக்க முடியும்; அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

மீ துவானில் பழைய பாலத்தை ஒட்டி இரண்டாவது கேபிள் பாலம் 2023 டிசம்பரில் திறந்தது. வடிவமைப்பு முதல் கட்டுமானம் வரை வியட்நாம் பொறியாளர்களே செய்தது. கான் தோ விபத்து நடந்தபோது கல்லூரியில் இருந்த தலைமுறை இப்போது அங்கே சைட் பொறுப்பில் இருக்கும் வயது.

மீ ஹோவாவில், பாலத்தின் அருகே இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அந்த நாட்டு வழக்கப்படி திதி ஆங்கிலத் தேதியில் வருவதில்லை, சந்திர மாதக் கணக்கில் வருகிறது. விபத்து நடந்தது எட்டாம் மாதத்துப் பௌர்ணமிக்கு மறுநாள். பிள்ளைகள் விளக்கேந்திய இரவு கழிந்ததும், எட்டாம் மாதம் பதினாறாம் நாள், அந்த ஊரில் பல வீடுகளில் ஒரே நேரத்தில் படையல் போடுகிறார்கள். தலைக்கு மேல், 30 மீட்டர் உயரத்தில், லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன.